சீன மாணவருக்கு 'டேக்' சொல்லிக்கொடுப்பது எப்படி?

சிங்கப்பூரிலோ பினாங்கிலோ கூட வேலை பார்க்கும் சீனருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருப்பீர்கள். அல்லது சென்னையில் உட்கார்ந்தபடி ஷாங்காயில் இருக்கும் ஒருவருக்கு ஆன்லைனில் பாடம் நடத்தப் போகிறீர்கள். இந்தக் கட்டுரை அப்படிப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக. ஆங்கில இலக்கணம் முழுவதையும் இங்கே கொட்டப் போவதில்லை. ஒரே ஒரு வினைச்சொல்தான்: 'டேக்'.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நமக்கு 'டேக்' ரொம்பச் சுலபம். போட்டோ எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், ஓய்வு எடுக்கிறோம், குறிப்பு எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், 'ரெண்டு மணி நேரம் எடுக்கும்' என்கிறோம். தமிழ் 'எடு' போகிற இடத்துக்கெல்லாம் ஆங்கில 'டேக்' கூடவே வந்துவிடுகிறது. அதை எப்போது கற்றோம் என்றுகூட நமக்கு நினைவிருக்காது. அதனால்தான் சீன மாணவர் இதில் ஏன் திணறுகிறார் என்பது நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

சீன மொழியில் 'எடு' என்பதற்கு நேர்ச்சொல் 'நா'. அடிப்படையில் அது கையால் பிடித்து எடுப்பது. புத்தகத்தை 'நா' செய்யலாம், பேனாவை 'நா' செய்யலாம். பஸ், மாத்திரை, குளியல், பரீட்சை, போட்டோ எதற்கும் அது ஒட்டாது. ஒவ்வொன்றுக்கும் அங்கே வேறு வினை இருக்கிறது. எனவே முதல் நாளே 'டேக் என்றால் நா' என்று எழுதிப்போட்டால், அடுத்த சில மாதங்களுக்கு அதை அழிப்பதே உங்கள் வேலையாகிவிடும்.

இங்கே சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் தந்திருக்கிறேன். மாண்டரினின், அதாவது பொதுச் சீன மொழியின், நான்கு தொனிகளையும் நம் எழுத்து காட்டாது. மாணவரையே ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் அது சந்தோஷமாக இருக்கும்.

வகுப்புக்கு முன்

யாருக்குப் பாடம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சீனாவிலிருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆன்லைன் டியூஷன் எடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2021 ஜூலையில் சீன அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுகள், நாட்டுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டு ஆசிரியர்களை அந்த வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று தடுத்துவிட்டன. உங்களிடம் வரக்கூடியவர்கள் பெரியவர்கள்தான்: அலுவலகத்தில் ஆங்கிலம் தேவைப்படுகிறவர், ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர், சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடிபெயர்ந்தவர்.

இவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை. சீனப் பள்ளிகளில் 2001-இலிருந்து மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தொடங்கும் கொள்கை இருக்கிறது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பெரும்பாலான மாகாணங்களில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். சீன மொழிக்கும் கணிதத்துக்கும் அதே 150தான். ஆகவே 'டேக் தெரியுமா?' என்று கேட்டால் 'இதுகூடவா தெரியாது' என்று நினைப்பார்கள். எழுத்தில் தெரியும். வாயில் வரும்போதுதான் சீன வினை குறுக்கே வந்து நிற்கும்.

ஆன்லைன் வகுப்பு என்றால் இன்னும் சில விஷயங்கள். சீனா முழுவதற்கும் ஒரே நேரம்தான். இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அவர் இரவு எட்டு மணி என்றால் நமக்கு மாலை ஐந்தரை. கூகுள் டாக்ஸ் இணைப்பு, யூடியூப் வீடியோ, வாட்ஸ்அப் மூன்றும் சீனாவில் சாதாரணமாகத் திறக்காது. பாடத்தை பிடிஎஃப்-ஆக வீசாட் செயலியில் அனுப்பிவிடுங்கள்.

முதல் வகுப்பில் பாடமே நடத்த வேண்டாம். நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தார் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். குளியல், அலுவலகத்துக்குப் போனது, மாத்திரை, போட்டோ, மதியத் தூக்கம், எதற்கு எவ்வளவு நேரம் ஆனது எல்லாம் அதில் வந்துவிடும். எங்கெங்கே 'டேக்' வந்திருக்க வேண்டுமோ, அங்கே அவர் எந்த வினையைப் போட்டார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். உங்கள் பாடத் திட்டம் அந்தத் தாளிலேயே இருக்கும்.

ஒலியில் தொடங்குங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'டேக்' மாதிரிச் சின்னச் சொல்லுக்கு உச்சரிப்புப் பயிற்சியா என்று தோன்றும். ஆனால் இங்கே சரிசெய்ய வேண்டியது முதலில் நம்மைத்தான்.

ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ட' ஒலியோடு ஒரு மூச்சு வெளியே தள்ளப்படும். மாண்டரினிலும் அதே மாதிரி மூச்சோடு ஓர் ஒலி, மூச்சில்லாமல் ஓர் ஒலி என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. அந்த மூச்சை வைத்துத்தான் அவர்கள் சொல்லைப் பிரித்து அறிகிறார்கள். நாமோ நாக்கை மடித்து, மூச்சே விடாமல் 'டேக்' என்கிறோம். சீனக் காதுக்கு அது வேறு எழுத்தில் தொடங்கும் ஏதோ ஒரு சொல்லாகக் கேட்க வாய்ப்பு அதிகம். ஊரைக் குறிக்கும் 'டவுன்', கீழே என்ற பொருளில் வரும் 'டவுன்' இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம் அல்லவா, சிக்கல் அதே இடத்தில்தான். ஒரு மெல்லிய தாளை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு 'டேக்' சொல்லிப் பாருங்கள். தாள் அசைய வேண்டும். அசையாவிட்டால் வகுப்புக்கு முன் நீங்கள் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாணவருடைய சிக்கல் சொல்லின் கடைசியில் இருக்கிறது. மாண்டரின் அசைகள் உயிரொலியிலோ மூக்கொலியிலோதான் முடியும், ஒன்றிரண்டு விலக்குகள் தவிர. 'க்' என்று அடைத்து நிறுத்துவது அதில் கிடையாது. எனவே சிலர் கடைசி 'க்'கை விழுங்கி 'டேய்' என்பார்கள்; சிலர் ஓர் உயிரொலியைச் சேர்த்து இழுப்பார்கள். பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் லைட்டை 'லைட்டு' என்றும் சொல்லும் நமக்கு அந்த இழுப்பு புதிதில்லை. ஹாங்காங், குவாங்டோங் பக்கத்திலிருந்து வந்து கான்டனீஸ் பேசுகிறவராக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அந்த மொழியில் 'க்'கில் முடியும் சொற்கள் ஏராளம். அதனால் எந்த ஊர் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தனிச்சொல்லாகப் பயிற்சி கொடுப்பதைவிட 'டேக் இட்', 'டேக் எ பஸ்', 'டேக் ஆஃப்' என்று அடுத்த உயிரொலியோடு சேர்த்துச் சொல்ல வையுங்கள். 'டே-கிட்', 'டே-காஃப்' என்று 'க்' தானாக அடுத்த அசைக்குத் தாவிவிடும். சீனப் பள்ளிகளில் ஒலிக்குறியீடு சொல்லித்தருகிறார்கள் என்பதால், குறியீட்டில் எழுதிக் காட்டினாலும் பெரும்பாலோர் படித்துவிடுவார்கள்.

கையில் எடுப்பது, கொண்டு போவது

இப்போது பொருளுக்கு வரலாம். கையால் எடுப்பதில் அவருக்குக் குழப்பம் இருக்காது. இரண்டு நிமிடம் போதும். மேசையில் நாலு பொருள் வைத்து 'டேக் தி பென்', 'டேக் தி ரெட் ஒன்' என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

கொண்டு போவதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். 'பிரிங்', 'டேக்' இரண்டும் அவருக்குக் கலங்கும். சீனத்தில் இரண்டுக்கும் அடிப்படை வினை ஒன்றுதான்: 'தாய்'. (நம் அம்மாவோடு சம்பந்தமில்லை.) ஆனால் அதற்குப் பின்னால் 'வா' என்று பொருள்படும் 'லாய்', 'போ' என்று பொருள்படும் 'ச்யூ' இரண்டில் ஒன்றைச் சேர்ப்பார்கள். 'தாய் லாய்' என்றால் கொண்டு வா, 'தாய் ச்யூ' என்றால் கொண்டு போ. தமிழில் நாம் செய்வதும் அப்படியே இதுதான். அதனால் விளக்கம் மிக எளிது: 'லாய்' வருகிற இடத்தில் 'பிரிங்', 'ச்யூ' வருகிற இடத்தில் 'டேக்'. ஆங்கிலத்திலேயே சுற்றிச் சுற்றி விளக்குவதைவிட அவருடைய மொழியில் ஏற்கெனவே இருக்கும் இந்தத் திசைச் சொல்லைப் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஆளைக் கூட்டிப் போவதற்கும் ஆங்கிலத்தில் 'டேக்'தான். தமிழில் பொருளை எடுத்துக்கொண்டு போவோம், ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம். சீனம் இங்கே ஆங்கிலத்தின் பக்கம். குடைக்கும் குழந்தைக்கும் அதே 'தாய்'. 'ஐ டுக் மை சன் டு ஸ்கூல்' என்று அவர் தயங்காமல் சொல்வார். தயங்குவது நாமாக இருக்கலாம்.

பெயர்ச்சொல்லோடு சேர்த்தே கொடுங்கள்

பாடத்தின் பெரும் பகுதி இதுதான். 'டேக்'குக்குப் பொருள் சொல்லாதீர்கள்; அதோடு வரும் பெயர்ச்சொல்லையும் சேர்த்து ஒரே துண்டாகக் கொடுங்கள். கைப்பேசி அகராதியைத் திறந்தால் 'டேக்'குக்கு நீளமான பட்டியல் வரும். அதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று நான்கு துண்டுகள் ஒரு வகுப்புக்குப் போதும்.

பஸ், மெட்ரோ, ரயில், விமானம்: சீனத்தில் இவற்றில் 'உட்காருவார்கள்'. வினை 'ட்ஸுவோ'. பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் 'ட்ஸுவோ'தான். புதிதாகக் கற்கிறவர் 'ஐ சிட் பஸ்' என்பது அதனால்தான். 'ஐ டேக் தி பஸ்' என்று மாற்றிக் கொடுங்கள். கூடவே ஒரு நுணுக்கம்: 'டேக்' முழுப் பயணத்துக்கும் பொதுவானது. வண்டியில் ஏறும் அந்தக் கணத்துக்கு 'கெட் ஆன்'. சைக்கிளுக்கு 'டேக்' வேண்டாம், 'ரைடு'.

மருந்து: சீனத்தில் 'ச்சி யாவ்', அதாவது மருந்தைச் சாப்பிடுவது. 'ஐ ஈட் மெடிசின்' என்பது சீனர் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் காதில் விழும் தொடர்களில் ஒன்று. நம் வீட்டிலும் மாத்திரை சாப்பிடுகிறோம், போடுகிறோம், டானிக் குடிக்கிறோம். ஆங்கிலத்தில் மாத்திரை, டானிக், கஷாயம் எதுவானாலும் 'டேக்' ஒன்றே போதும் என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டு ஒன்றை மாதிரிக்கு வைத்து 'டேக் ஒன் டேப்லட் டுவைஸ் எ டே, ஆஃப்டர் மீல்ஸ்' என்று வாசிக்க வையுங்கள். வெளிநாட்டில் வாழ்கிறவருக்கு இது பாடம் மட்டுமல்ல, அன்றாடத் தேவை.

குளியல்: 'ஸீ ட்ஸாவ்' என்பது சீனச் சொல். பேச்சில் இதை நடுவில் பிளந்து 'ஸீ க ட்ஸாவ்' என்பார்கள். அந்த 'க' ஓர் எண்ணலகுச் சொல், அதாவது எண்ணும்போது பெயருக்கு முன்னால் சேர்க்கும் சொல். போட்டோவுக்கும் இப்படித்தான், நடுவில் 'ஜாங்' என்ற அலகு வந்து உட்காரும். இதை நான் விரும்பிப் பயன்படுத்துவேன். சீனத்தில் 'எ', 'தி' மாதிரிச் சொற்கள் கிடையாது. ஆனால் வினைக்கும் பெயருக்கும் நடுவே அலகு வரும் இடத்தைக் காட்டி 'இங்கேதான் ஆங்கிலத்தில் எ வரும்' என்றால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். 'டேக் எ பாத்', 'டேக் எ போட்டோ'. கவனம்: நம்மில் பலர் 'டேக் பாத்' என்று 'எ' இல்லாமலே பேசிப் பழகியவர்கள். மாணவர் அதை விட்டால் நம் காதுக்குத் தவறாகவே படாது.

போட்டோவில் இன்னொன்று. சீனர் உதவி கேட்கும்போது 'எனக்குப் போட்டோ எடுத்துத் தாங்க' என்ற கட்டமைப்பில் 'டேக் எ போட்டோ ஃபார் மீ' என்பார். தவறில்லை. ஆனால் தன்னையே படம் பிடிக்கச் சொல்வதானால் 'டேக் எ போட்டோ ஆஃப் மீ' என்றால்தான் தெளிவு. இல்லாவிட்டால் எதிரே இருப்பவர் மலையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

குறிப்பெடுப்பது, முறைவைத்துச் செய்வது, மதியம் சின்னத் தூக்கம் போடுவது, நடந்துவிட்டு வருவது, ஒருதரம் பார்ப்பது எல்லாம் இதே வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லி நகர்ந்துவிடலாம். மதியத் தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சீன அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்வது சகஜம். 'டேக் எ நாப்' அவர்கள் உண்மையில் பயன்படுத்தப் போகும் தொடர்.

நம் ஆங்கிலத்தில் இருக்கும் களை

பரீட்சையையும் வகுப்பையும் தனியாக வைத்திருக்கிறேன். இங்கே மாணவர் ஒரு பக்கம் தவறுவார், நாம் இன்னொரு பக்கம் தவறுவோம்.

சீனத்தில் பரீட்சையில் 'கலந்துகொள்வார்கள்'. 'ட்ஸான் ஜியா' என்ற அந்த வினை கூட்டத்துக்கும் போட்டிக்கும் கல்யாணத்துக்கும் பொது. அதனால் 'ஐ ஜாயின் தி எக்ஸாம்', 'ஐ அட்டெண்ட் தி எக்ஸாம்' என்று வரும். நாம் என்ன சொல்வோம்? பரீட்சை எழுதுகிறோம், எனவே 'ரைட் தி எக்ஸாம்'. இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடநூலில் பழகிய மாணவருக்கு, நீங்கள் வினாத்தாள் தயாரிக்கிறீர்கள் என்றுகூடத் தோன்றலாம். இருவருக்கும் பொதுவாக 'டேக் தி எக்ஸாம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு இதைவிடச் சிக்கல். தமிழில் ஆசிரியர் வகுப்பு எடுப்பார், மாணவர் வகுப்புக்குப் போவார். அந்தப் பழக்கத்தில் 'ஐ டேக் ஆன்லைன் கிளாசஸ்' என்று நம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறோம். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அதைக் கேட்பவர் நீங்களும் எங்கோ மாணவராகப் படிக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார். சீனத்தில் 'ஷாங் க' என்ற ஒரே தொடரை ஆசிரியரும் சொல்வார், மாணவரும் சொல்வார். ஆக உங்கள் மாணவருக்கு இந்தக் குழப்பம் கண்ணிலேயே படாது. கற்பவர் 'டேக்', கற்பிப்பவர் 'டீச்' என்று கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள். நீங்களும் அன்றிலிருந்து 'ஐ டீச்' என்றே சொல்லுங்கள்.

மூன்றாவதாக, சாப்பாடு. 'ஹேவ் யூ டேக்கன் யுவர் லஞ்ச்?' என்பது இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் அன்றாடம் காதில் விழுவது. 'ஐ டோன்ட் டேக் போர்க்' என்பதும் அப்படியே. சிங்கப்பூரில் வாழப் போகிறவரை இதற்காகத் திருத்தத் தேவையில்லை. அந்த ஊர்ப் பேச்சு அது. ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவருக்கு மட்டும் 'ஹேவ் லஞ்ச்', 'ஈட் போர்க்' என்று மாற்றிக் கொடுங்கள். எல்லாத் தவறும் எல்லாருக்கும் தவறில்லை என்பது என் கட்சி.

நேரம்: இதற்கு இரண்டு வகுப்பு வையுங்கள்

நேரம் ஆவதைச் சொல்வதில்தான் பெரியவர்கள்கூட விழுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் விதி அவர்களுக்கு மனப்பாடம். சீன நடுநிலைப் பள்ளித் தேர்வுகளில் 'ஸ்பெண்ட், காஸ்ட், பே, டேக்' நான்கையும் வேறுபடுத்துவது விடாமல் வரும் கேள்வி. 'ஸ்பெண்ட்'டுக்கு எழுவாய் ஆள், 'காஸ்ட்'டுக்குப் பொருள், 'பே' வந்தால் பின்னால் 'ஃபார்', 'டேக்'குக்கு முன்னால் 'இட்' என்று ஒப்பிப்பார்கள். ஒப்பித்து முடித்த கையோடு 'இட் ஸ்பெண்ட்ஸ் மீ டூ அவர்ஸ்' என்பார்கள்.

இதற்குக் காரணம் சீனத்தில் அந்த 'இட்' கிடையாது. 'இங்கேயிருந்து ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?' என்று நாம் கேட்கும்போது 'எது ஆகும்' என்று யாரும் கேட்பதில்லையே, அவர்களுக்கும் அப்படித்தான். சீன வாக்கியத்தில் வரும் வினை 'யாவ்'. தேவைப்படும், வேண்டும் என்று பொருள். அதை அப்படியே பெயர்த்தால் 'ஃப்ரம் ஹியர் டு ஏர்போர்ட் நீட் ஹௌ லாங்?' என்று வந்து நிற்கும்.

விதியை மறுபடி நடத்தாதீர்கள். அதுதான் அவருக்குத் தெரியுமே. மூன்று கட்டமாக வாயைப் பழக்குங்கள். முதலில் ஆளே இல்லாமல்: 'இட் டேக்ஸ் ஒன் அவர்.' நீங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும், அவர் நேரத்தைச் சொல்ல வேண்டும், வேகமாக. பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு அதிவேக ரயிலில் 1,318 கிலோமீட்டர். சுமார் நாலரை மணி நேரம். 'இட் டேக்ஸ் அபவுட் ஃபோர் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்.' வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து மருத்துவமனை என்று அவர் வாழ்க்கையிலிருந்தே கேளுங்கள். இரண்டாவது கட்டத்தில் ஆளைச் சேருங்கள்: 'இட் டேக்ஸ் மீ ஒன் அவர் டு குக் டின்னர்.' மூன்றாவதாகக் கேள்வியை அவர் கேட்க வேண்டும்: 'ஹௌ லாங் டஸ் இட் டேக்?' கேள்வியில் 'டஸ்' வந்தபின் 'டேக்ஸ்' என்று சொல்லிவிடுவார், அதைக் கவனியுங்கள்.

வசந்தத் திருவிழாவுக்கு (சீனப் புத்தாண்டுக்கு) ஊருக்குப் போவதைப் பற்றிப் பேச விட்டால் நல்ல பயிற்சி கிடைக்கும். டிக்கெட் கிடைப்பது, ரயில், அங்கிருந்து பஸ், கிராமத்துக்குக் கார் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் என்பது அவர்களுக்கு அத்துபடி. தீபாவளிக்குக் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் பேச்சு தானாகவே நீளும்.

கடையில்

மேலே சொன்ன 'யாவ்' இன்னோர் இடத்திலும் உதவும். கடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் சீனர் 'எனக்கு இது யாவ்' என்பார். ஆங்கிலத்தில் அது 'ஐ வான்ட் திஸ்' ஆகிவிடும். தவறில்லை, கொஞ்சம் கறாராக ஒலிக்கும், அவ்வளவுதான். 'ஐ'ல் டேக் திஸ் ஒன்' என்று கொடுங்கள். ஆக 'டேக்'குக்கு ஒரு சீனச் சொல்லைச் சொல்லியே தீர வேண்டும் என்று மாணவர் அடம்பிடித்தால், 'நா'வைவிட 'யாவ்' பல இடங்களில் நெருக்கமாக வருகிறது: நேரம் ஆவதற்கும் வரும், இதை வாங்கிக்கொள்கிறேன் என்பதற்கும் வரும்.

கடைக்காரரிடம் 'டு யூ டேக் கார்ட்ஸ்?' என்று கேட்பதும் வேண்டும். சீனாவில் காய்கறிக் கடைவரை கைப்பேசியில் ஸ்கேன் செய்துதான் பணம் தருகிறார்கள். வெளிநாடு போய் இறங்கியதும் முதல் கேள்வியே 'டு யூ டேக் அலிபே?' என்றுதான் இருக்கும்.

'டுக்', 'டேக்கன்'

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். சீன வினைகள் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. 'ல' என்ற ஓர் ஒட்டு இருக்கிறது. அதை இறந்தகாலம் என்று நினைத்துக்கொண்டு பாடம் நடத்தாதீர்கள். அது செயல் முடிந்ததைக் காட்டுவது. நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்பதிலும் 'சாப்பிட்டு'வில் 'ல' வரும். டேக், டுக், டேக்கன் வாய்ப்பாடு அவருக்குத் தெரியும். பேச்சில் 'டிட் யூ டுக்', 'ஐ ஹேவ் டுக்' என்று வருவதை மட்டும் திருத்துங்கள். முதல் நாள் கேட்ட அதே 'நேற்றைய நாள்' கதையை வாரம் ஒருமுறை சொல்ல வைத்தால் போதுமான பயிற்சி.

ஒட்டுச் சொற்கள்

'ஆஃப்', 'ஓவர்', 'அவுட்' எல்லாம் சேரும்போது மொத்தப் பட்டியலையும் நீட்டாதீர்கள். தொடக்கத்தில் 'டேக் ஆஃப்' போதும். செருப்பைக் கழற்றுவதும் விமானம் கிளம்புவதும் இதுவே. சீனத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத இரு சொற்கள். வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றும் பழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு என்பதால் வாக்கியம் தயாராக இருக்கிறது. கழற்ற வேண்டியதைச் சுட்டுப் பெயரால் சொன்னால் அது நடுவில் வர வேண்டும்: 'டேக் தெம் ஆஃப்'. 'டேக் ஆஃப் தெம்' என்று வந்தால் உடனே நிறுத்திச் சொல்லுங்கள்.

'டேக் பிளேஸ்' எழுத்தில் அதிகம் சறுக்கும். 'தி மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ்' என்று எழுதுவார்கள். கூட்டம் தானாக நடக்காது, யாரோ நடத்துகிறார்கள், எனவே செயப்பாட்டு வினை வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. 'டேக் பிளேஸ்'ஸுக்குச் செயப்பாடு கிடையாது என்று ஒரே வரியில் சொல்லி, ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லிவிடுங்கள்.

வழியனுப்பும்போது சீனர்கள் 'மான் ட்ஸோ' என்பார்கள். மெதுவாக நட என்று நேர்ப்பொருள். கடைக்காரர்கூட வாடிக்கையாளரிடம் சொல்வார். அதை 'வாக் ஸ்லோலி' என்று ஆங்கிலமாக்கி வெள்ளைக்காரரைக் குழப்புவார்கள். நம் 'பார்த்துப் போங்க' எந்த அக்கறையில் வருகிறதோ அதே அக்கறைதான் இது. 'டேக் கேர்' என்று கொடுங்கள். அதேபோல் அவசரப்படாதீர்கள் என்பதற்கு 'மான் மான் லாய்' என்று ஒரு தொடர் உண்டு, மெல்ல மெல்ல வா என்பது போல. அதற்கு 'டேக் யுவர் டைம்'. இந்த இரண்டும் அன்றே வாயில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே தினமும் சொல்கிற விஷயத்துக்கு ஆங்கில உருவம் கிடைக்கிறது அல்லவா.

'டேக் அட்வான்டேஜ் ஆஃப்', 'டேக் ஃபார் கிராண்டட்', 'டேக் இன்டு அக்கவுண்ட்' போன்றவை ஐஈஎல்டிஎஸ் கட்டுரைக்கு வேண்டியவை. பேச்சு சரளமாகும்வரை தள்ளிப்போடுங்கள்.

திருத்துவதும் தொடர்வதும்

சீனப் பள்ளிகளில் தவறாகப் போட்ட கணக்குகளையும் விடைகளையும் தனி நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருக்கிறது. உங்கள் மாணவரும் சிறுவயதில் ஒன்று வைத்திருந்திருப்பார். அதையே 'டேக்'குக்கு வைக்கச் சொல்லுங்கள். இடது பக்கம் தான் சொன்னது, வலது பக்கம் சரியான துண்டு. சீன மொழிபெயர்ப்பு வேண்டாம். குழு வகுப்பாக இருந்தால் எல்லார் முன்னிலும் திருத்துவதைவிட, முடிந்தபின் வீசாட்டில் அவரவருக்கு இரண்டு வரி அனுப்பினால் அடுத்த நாள் இன்னும் தைரியமாகப் பேசுகிறார்கள்.

ஒரு வகுப்பில் ஒரு வகைத் தவறை மட்டும் பிடியுங்கள். இன்று பஸ்ஸும் மருந்தும் என்றால் 'டுக்' தவறியதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

'டேக்' ஓரளவு படிந்ததும் அடுத்து 'ஹேவ்' எடுங்கள், 'கெட்' அல்ல. 'டேக் எ பாத், ஹேவ் எ பாத்', 'டேக் எ ரெஸ்ட், ஹேவ் எ ரெஸ்ட்' என்று பாதித் துண்டுகள் இரண்டுக்கும் பொது. போதாததற்கு, சீனப் பாடநூல்களில் 'ஹேவ் எ ரெஸ்ட்' அடிக்கடி வருவதால் மாணவர் 'எது சரி?' என்று கேட்டே தீருவார். இரண்டும் சரி, 'ஹேவ்' பிரிட்டனில் கூடுதல், 'டேக்' அமெரிக்காவில் கூடுதல் என்று சொல்லிவிட்டு, பஸ், மருந்து, போட்டோ மூன்றுக்கும் மட்டும் 'ஹேவ்' போட முடியாது என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.